மூன்றாவது விதை வேண்டாம்

வாணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வருவது எதுவும் அதோடு ஒட்டாது என்று தோன்றியது. அதனால் விட்டுவிடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜப்பானில் கிடைத்த படிப்பு வேண்டாம் என்று பேராசிரியரிடம் சொல்லப்போகிறாய், ஆய்வுக்கூடத்து வேலையை விட்டுவிட்டு மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாய், அப்பாவோடு வயலில் இறங்கி இன்னொரு விதையைப் போட்டுப் பார்க்கப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். வராதே, கண்ணு. பெற்றவள் பிள்ளைக்கு வராதே என்று எழுதுவது நல்ல வார்த்தை இல்லை. அதனால் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறு எப்படிச் சொன்னாலும் நீ அதற்குள் ஒரு சந்து கண்டுபிடித்து வந்து நின்றுவிடுவாய். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சிர்டாங் ஆய்வுக்கூடத்திலிருந்து லீவு நாளில் வந்து நீ பார்த்த வயல் வேறு, அன்றாடம் நான் பார்த்த வயல் வேறு.

தோட்டத்தை விற்றபோது நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். லயத்து வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஒரே காலையில் ஆபீஸ் கிராணி வந்து, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் கூப்பிட்டு ஆள் நிறுத்துகிற தண்டல் வீடு என்பதால் நம் வீட்டில் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்து சொன்னார், அவ்வளவுதான் மரியாதை. உன் தம்பி முரளி குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அப்பாவுக்கு மலாக்கா டவுனில் ஒரு கட்டடத்துக்கு ஜாகா வேலை கிடைத்தது. ஒரு வாரம் நிற்கவில்லை. "மரத்தப் பாத்துக்க ஆள் வேணும், சரி. செவத்துக்கு எதுக்குலா காவல்? அது எங்க எந்திரிச்சி ஓடப்போவுது?" என்று திரும்பி வந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் செர்காம் சாலையில் பாக் சிக் மாட் தன்னுடைய பெண்டாங் வயலைக் காட்டினார். அவர் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். நெல் விளைந்த இடத்தில் பாதி புல் மண்டிக் கிடந்தது. நட்டு எடுத்துக்கொள், விளைவதில் எனக்கு ஒரு பங்கு கொடு என்றார். அப்பா சரோஜா அக்கா வீட்டையும் இன்னும் இரண்டு லயத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கினார். நெல்லுக்கும் நமக்கும் சோற்றுத் தட்டைத் தவிர வேறு உறவு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் பார்த்த ஆட்கள்.

அதனால் தெரிந்த மாதிரியே செய்தார். கயிறு கட்டி வரிசை பிடித்தார். எல்லாத் துண்டிலும் ஒரே விதை, ஒரே நாள் நடவு, ஒரே நாள் களையெடுப்பு. வரப்பில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடாத குறைதான். ஒரு நாள் சரோஜா அக்கா அவர் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கி, "வந்துட்டேன் தண்டலய்யா, பேர் போட்டுக்குங்க!" என்று கத்தினாள். லேசில் சிரிக்காத மனிதர் அன்றைக்குச் சிரித்துவிட்டார். பாக் சிக் தனக்கென்று வைத்துக்கொண்ட துண்டுகளில் நாலு வகை நெல் கலந்து கிடந்தது. நெட்டை, குட்டை, ஒன்று பூக்கும்போது இன்னொன்று பச்சையாக நிற்கும். "தலை சீவாத புள்ள மாதிரி வெச்சிருக்காரு" என்பார் அப்பா. பாக் சிக் நம் வரிசையைப் பார்த்து, தண்டல், இது கித்தா மரம் இல்லை என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டே ஒரே பிளாஸ்கில் காப்பி குடிப்பார்கள். அவர்களில் யார் செய்தது சரி என்று பின்னால் கேட்கவே வழியில்லாமல் போய்விட்டது.

விதை நீ கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது உனக்கு. "இதுக்குக் காரா வராதுப்பா. நோய் தாங்கற வெதை" என்றாய். மலாய்க்காரர்கள் காரா என்பதைத்தான் நீ கொடுத்த சிறு புத்தகத்தில் குலைநோய் என்று போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், பத்திரிகை படித்துப் படித்து எழுத்தைப் பிடித்தவள். அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். அப்பா படிக்கவில்லை. நீ கொடுத்த பையை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அவிழ்த்தார். இரண்டு போகம் கைக்கு அடங்காமல் விளைந்தது. முதல் அரிசியை மாரியம்மன் கோயிலில் பொங்கி வைத்தோம். பாசாரில் யாரைப் பார்த்தாலும் "எம்மக வெதை" என்பார். மீன் விற்கும் சீனக் கிழவருக்குக் கை ஜாடையில் கதிரின் நீளத்தைக் காட்டினார். அவர் ஏதோ பெரிய மீன் கேட்கிறார் என்று நினைத்துக் கூடையைத் துழாவினார். வாணி, தோட்டம் போன பிறகு அந்த மனிதருடைய முகத்தில் நான் வெளிச்சம் பார்த்தது அந்த இரண்டு போகத்தில்தான். அது எனக்குப் போதும் என்று இருந்தேன். இப்போது அந்த முகத்தை நினைத்துத்தான் பயப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாம் போகத்தில் இலையில் புள்ளி விழுந்தது. இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. மை தீட்டிய கண் மாதிரி. விடிகாலைப் பனி ஈரத்தில் பார்த்தால் இலை முழுக்கக் கண்கள் திறந்திருந்தன. தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். சரோஜா அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத. ஆத்தா எறங்கியிருக்கா." அவள் சொன்ன பிறகு எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு உடம்பில் முத்துப் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நோய் என்று சொல்ல மாட்டோம், வந்திருக்கிறாள் என்போம். வேப்பிலை செருகுவோம், மஞ்சள் தண்ணீர் தெளிப்போம், குளிர்ச்சியாகக் கொடுப்போம், வெளியாளை அழைக்க மாட்டோம். அவளாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை விரட்ட மாட்டோம். அதையே வயலுக்கும் செய்தோம். நாலு மூலையிலும் வேப்பங்கொத்து நட்டோம். மஞ்சள் கரைத்தது நான்தான். வரப்பில் கூழ் ஊற்றினோம். எனக்கு ஏன் உடனே போன் செய்யவில்லை என்று பிறகு கேட்டாயே, இதனால்தான். நீ வெளியாள் இல்லை. ஆனால் வந்தவுடன் நீ அவளைப் பூசணம் என்று சொல்லிவிடுவாய்.

நீ வராவிட்டால் என்ன, முரளி வந்து சொன்னான். லீவு நாளில் பாக் சிக்கிடம் மருந்து டாங்கியை இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தான். சரோஜா அக்கா குறுக்கே நின்றாள்.

"எங்கடா கெளம்பிட்டே, தோள்ல கேஸ் தோம்பு மாட்டிக்கிட்டு?"

"யக்கா, இது பூசணம்க்கா. அடிச்சா போயிரும். வழி விடுங்க."

"பூசணமா? ஒங்க வீட்டு ஊறுகாய்னு நெனச்சியா? கண்ணு கண்ணா முழிச்சிக்கிட்டு நிக்கிறா, இவரு பூசணங்கறாரு."

"நெசமா கண்ணு இருந்தா நான் வர்றதப் பாத்து ஓடியிருக்கும்லா."

"வாயக் கழுவுடா. நாளைக்கி ஒன் மூஞ்சியில வந்து ஒக்காந்தா, எவ ஒனக்குப் பொண்ணு குடுப்பா?"

"இப்ப மட்டும் வரிசையில நின்னா குடுக்கறாங்க?"

அப்பா தண்டல் வேலை பார்த்தவர் அல்லவா, பஞ்சாயத்து அவருக்குப் பழக்கம். வயலை இரண்டாகப் பிரித்தார். சாலைப் பக்கத்துத் துண்டுகள் முரளியின் மருந்துக்கு, கால்வாய்ப் பக்கத்துத் துண்டுகள் சரோஜா அக்காவின் வேப்பிலைக்கு. இரண்டு பேருக்கும் மனம் கோணவில்லை. நான் கால்வாய்ப் பக்கம் நின்றேன். முரளி போன பிறகு சாலைப் பக்கத்திலும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

கொஞ்ச நாளில் ஒரு காலை அப்பா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தாமலே கத்தினார். "ஆளுங்களுக்குச் சொல்லி விட்று. சீக்கிரமே வெளஞ்சிருச்சி!" சாலையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது, வயல் முழுக்க வெளுத்து. நான் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். கிட்டே போகப் போக ஏதோ சரியில்லை என்று பட்டது. விளைந்த கதிர் தலை தொங்க வேண்டும். இவை எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒரு கதிரை அப்பா பிடித்தார். கழுத்தில் கணு கறுத்து, லேசாக இழுத்ததும் முறிந்து கையோடு வந்தது. நெல்லை நகத்தால் நசுக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த கதிர், அதற்கடுத்தது, அடுத்த துண்டு. மருந்தடித்த இடமும் அப்படித்தான், வேப்பிலை நட்ட இடமும் அப்படித்தான். மத்தியானம் முரளியும் சரோஜா அக்காவும் வந்து ஒரே வரப்பில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஒருவராவது ஜெயித்திருந்தால் மற்றவரைத் திட்டியிருக்கலாம். பாக் சிக்கின் தலை சீவாத வயலிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டார். "தாப்பாலா, தண்டல்" என்றார், பரவாயில்லை என்று. அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, வயலைப் பார்த்துச் சொன்னார்.

பிறகுதான் நீ வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ காகிதப் பைகளை எடுத்துக்கொண்டு நம் வயலிலும் பாக் சிக் வயலிலும் துண்டு துண்டாக நடந்து, செத்த கழுத்துகளை வெட்டி வெட்டிப் போட்டாய். நான் பின்னாலேயே வந்து பையைப் பிடித்தேன். வீட்டில் ஒரு கண்ணாடித் தட்டில் ஈரக் காகிதம் விரித்து இலைத் துணுக்கு ஒன்றை வைத்து மூடினாய். மறுநாள் காலையில் திறந்து காட்டினாய். புள்ளியின் மேல் மெல்லிய சாம்பல் ரோமம், வெல்வெட்டுத் துணி போல. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன செய்ய. இதில் ஒரே ஒரு பூசண வித்தை மட்டும் ஊசி முனையில் எடுத்துத் தனியாக வளர்ப்பேன், ஒவ்வொரு கழுத்திலிருந்தும் அப்படி எடுப்பேன், பிறகு அவற்றின் உள்ளே இருப்பதைப் பிரித்துப் படம் எடுப்பேன் என்றாய். எதற்கு என்று கேட்டேன். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க என்றாய். நானும் சரோஜா அக்காவும் ஒருத்தி வந்திருப்பதாக நினைத்துக் கூழ் ஊற்றியிருந்தோம்.

அந்தப் படத்தை நான் சிர்டாங்குக்கு வந்து பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நெஞ்சுக்கு எடுக்கிற எக்ஸ்ரே மாதிரி ஒரு தாள். ஏணிப்படிகள் போல் கறுப்புக் கோடுகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசையும் நம் வயலிலோ பாக் சிக் வயலிலோ வெட்டிய ஒரு கழுத்து என்றாய். எல்லா வரிசையும் ஒன்று போல் இல்லை. நாலைந்து ஒன்று போல் இருந்தன, பக்கத்திலேயே வேறு மாதிரி. இதற்கு நீ ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொன்னாய். தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடினாய். வம்சமா என்று நான் கேட்டேன். அதேதான் என்றாய்.

"பாக்க எல்லாம் ஒண்ணாத்தானே இருந்துச்சி?"

"பாக்க ஒண்ணுதாம்மா. மைக்ராஸ்கோப்ல வெச்சாலும் ஒண்ணுதான். உள்ள வேற வேற வம்சம்."

"மொத்தம் எத்தன? ஒரு கணக்கு சொல்லு."

"கணக்கு முடியாதும்மா. இது அன்னிக்கி நான் வெட்டுனதுல இருந்தது. இன்னிக்கி வயல்ல என்ன இருக்குன்னு இன்னிக்கி வெட்டுனாத்தான் தெரியும். நான் எண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஒண்ணு மாறிக்கும்."

"நம்ம வெதயத் தின்னது எது?"

நீ ஒரு வரிசையின் மேல் விரலை வைத்தாய். "இதுதான். எங்கிருந்தோ புதுசா வந்ததுன்னு நெனச்சேன். லேப்ல இருந்த பழைய சாம்பிள்ல தேடுனா, நாம நடறதுக்கு முன்னாடியே பாக் சிக் வயல் ஓரத்துல கொஞ்சம் இருந்திருக்கு. நம்ம வெதயில மத்த வம்சத்துக்கெல்லாம் சாப்பாடு இல்ல. இதுக்கு மட்டும் வழி தெரிஞ்சிருக்கு. போட்டிக்கு யாருமில்லாம, வயல் பூரா ஒரே வெதை..."

"அப்ப நாமதான் எல போட்டுக் கூப்பிட்டோமா?"

நீ தாளைச் சுருட்டிவிட்டு, "ஆமாம்மா" என்றாய்.

பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கணக்குப் பார்க்கிறவள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கீழே கோடு போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். கோடு போடவே முடியாத ஒன்றை நீ தினமும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலிலும் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. போ தாயே என்று ஒருத்தியிடம் கேட்கலாம். ஒரே இலையில் இரண்டு வம்சம் இருக்கலாம் என்றால், நான் யாரைப் பார்த்துக் கையேந்துவது? அந்தப் பூசணமும் அவள் படைத்ததுதான். அதற்கும் பசி உண்டு, அதற்கும் பிள்ளை குட்டி உண்டு. என் நெல்லைக் காப்பாற்று என்று நான் கேட்பதும் அதன் பசியைக் கொல் என்று கேட்பதும் ஒன்றுதானே. நான் இன்னும் தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், விளக்குப் போடுகிறேன், விழுந்து கும்பிடுகிறேன். கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு லயம்தான் நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நாமெல்லாம் தோட்டத்து ஆட்கள், ஒன்று போல. நம்மையும் கயிறு கட்டித்தான் நட்டிருந்தார்கள். ஒரே வேலை, ஒரே மாதிரி வீடு, ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்திருப்பது. அதனால்தான் ஒரு காலையில் ஒரே வார்த்தையில் எல்லாரும் விழுந்தோம். பூசணம் அப்படி இல்லை. அதில் எப்போதும் யாரோ ஒருவன் மூலையில் வேறு மாதிரி இருக்கிறான். நீ எந்த விதை கொடுத்தாலும் அதற்கென்று பிறந்தவன் ஒருவன் அங்கே காத்திருக்கிறான். அதன் மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை, வாணி. பொறாமைதான் வந்தது.

அதற்குப் பிறகு நீ இரண்டாவது விதையோடு வந்தாய். போன தடவை போல நீ பேசவில்லை, அதை நான் கவனித்தேன். "இதுல ரெண்டு பூட்டு இருக்குப்பா. ரெண்டையும் தெறந்தாத்தான் உள்ள வர முடியும்" என்றாய். அப்பா பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அவனுங்ககிட்ட சாவி எத்தன இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஒரே விதையாகப் போடாதீர்கள், மூன்று வகையைப் பட்டை பட்டையாக நடுங்கள் என்று கெஞ்சினாய். உனக்காகச் செய்தார். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி வரப்பில் கூச்சப்பட்டு நின்றார். பாக் சிக், கடைசியில் தண்டலும் தலை சீவுவதை விட்டுவிட்டார் என்றார். முதல் போகம் சுமாராக வந்தது. அந்த ஆண்டுதான் புகைமூட்டம் வந்து, சூரியன் செப்புக் காசு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இலையில் ஈரம் காயவே இல்லை. அடுத்த போகம், அதாவது போன மாதம், மறுபடியும் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. மூன்று வகையையும் கலந்து நட்டதில் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். சரோஜா அக்கா வேப்பிலை நடவில்லை. முரளி டாங்கியைத் தூக்கவில்லை. அக்கா குருபோங்கில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாளாவே இருந்திருக்கலாம்டி. அவளா இருந்தா ஒரு நாள் போயிருப்பா" என்றாள். மற்ற இரண்டு வீடுகளும் வயலுக்கு வருவதை விட்டுவிட்டன.

அப்பா மட்டும் விடவில்லை. பாக் சிக்கின் பிள்ளைகள் அந்த நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கப் பேசிவைத்திருக்கிறார்கள். பாக் சிக்தான், தண்டல் போதும் என்று சொல்லட்டும் என்று அவர்களை நிறுத்தி வைத்திருந்தார். அப்பா போதும் என்று சொல்லவில்லை. தினமும் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் வெறும் வயலைப் பார்த்துவிட்டு வருவார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்காக. நீ ஒரு பையோடு வந்து இறங்கினால் அந்த முகம் மறுபடியும் வந்துவிடும். தோட்டத்துக்காரர்கள் கடைசியாகக் கொடுத்த பணத்தில் மிச்சம் இருப்பதையும் அந்தச் சேற்றில் கொட்டுவார். ஒரு போகம் விளையும், இரண்டு போகம் விளையும். பிறகு ஒரு காலையில் மோட்டாரை நிறுத்தாமலே வாசலில் கத்துவார். அதை இன்னொரு தடவை நான் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்க மாட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது. தோற்றுப்போனதை அவர் தாங்கிக்கொள்வார், அது அவருக்குப் பழக்கம். மறுபடியும் நம்புவதைத்தான் அவர் உடம்பு தாங்காது.

நீ ஜப்பானுக்குப் போனால் ஜெயிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனம் இல்லை. நீங்கள் ஒரு பூட்டுச் செய்ய எத்தனையோ வருடம் உட்காருகிறீர்கள், அது ஒரு மழைக்காலத்தில் திறந்துகொள்கிறது. நீயே சொன்ன கணக்கு இது. இருந்தாலும் போ. இங்கே வந்தால் நீயும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒருவருக்காக ஒருவர் நட்டுக்கொண்டே இருப்பீர்கள். அங்கே போனால் அந்தப் பூசணத்தின் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். அங்கே குளிருமாம், முரளியிடம் சொல்லிக் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமையில் ஒரு விளக்காவது ஏற்று. எந்த ஊரில் எந்த விவசாயியிடம் விதை கொடுத்தாலும், வராது என்று மட்டும் சொல்லாதே. இப்போதைக்கு வராது என்று சொல். அந்த ஒரு வார்த்தையை நீ சேர்த்துச் சொல்லியிருந்தாலும் அப்பா நட்டிருப்பார்தான். ஆனாலும் சொல்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன் என்று உனக்குத் தெரியும். கண்ணாடி போட மாட்டேன் என்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, "வாணி கடுதாசியா? படி" என்றார். நான் அதை ஏற்கெனவே ஒரு தடவை படித்திருந்தேன். மூன்றாவது விதை ஒன்று இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் இதுவரை தாங்குகிறது என்று நீ எழுதியிருந்த இடத்தில் என் கண் போய் நின்றது. "வெதை பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காளா?" என்றார். இல்லை என்றேன். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே, நீ எழுதாததை எல்லாம் வாசித்தேன். அப்பா, இனி கொடுக்க விதை எதுவும் இல்லை, ஜப்பானுக்குப் போகச் சம்மதித்துவிட்டேன், திரும்ப இரண்டு வருடம் ஆகும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் கேட்டுவிட்டு, "திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"மொதல்ல ரெண்டு வருசம்னே. இப்ப மூணுங்கறே?"

"அவ எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கு. ரெண்டா மூணான்னு தெரியல."

"அச்சுல போட்ட மாதிரி எழுதுவான்னு நீதானே சொல்லுவே?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணில் தப்புப் பண்ணாதவள் என்று அவருக்கு என்னைத் தெரியும். அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தார். பாக் சிக் வீட்டுக்குப் போய், நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். பெரிய மகன் அளக்க ஆள் கூட்டி வருகிறானாம்.

நீ போகிறாய் என்று கேட்டுத்தான் அவர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே நீ போக வேண்டும், வாணி. போன் செய்தால் அவரிடம் ஜப்பான் என்றே பேசு. இரண்டு வருடம் என்று சொல். அந்த மூன்றாவது விதை பற்றி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது.

அன்றைக்குச் சாப்பாடு போட்டேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார், "ஜப்பான்ல இவ என்னத்தச் சாப்புடுவா?"

"சோறுதான். அவங்களும் நெல்லு போடறவங்கதான்."

கை தட்டில் அப்படியே நின்றது.

"அப்ப அங்கயும் அது இருக்கும்லா" என்றார்.

"இருக்கும்" என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் இல்லாதது.

அம்மா